கடையில் எடுத்த சட்டை

ரயில்வேயில் கீமேன் என்றால் என்ன வேலை என்று கேட்டால், "நடக்கிற வேலை" என்பார் அவர். அதற்கு மேலும் துருவினால் தோளில் தொங்கும் சுத்தியலைத் தட்டிக் காட்டுவார். காலை ஆறரைக்குப் பாதையில் இறங்க வேண்டும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கிற கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மூன்று மைல் போக வேண்டும், மறுபக்கத்துத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று மைல் திரும்ப வேண்டும். தளர்ந்த கிளிப்புக்கு ஒரு அடி. அது அடங்காவிட்டால் இன்னொரு அடி. முப்பத்தொரு வருடமாக இதைத்தான் செய்கிறார். கட்டைக்குக் கட்டை கால் வைத்துப் பழகி, அவருடைய நடையே அந்த அளவாகிவிட்டது. நல்ல அகலமான சாலையில் விட்டாலும் அதே குட்டை நடைதான். மனிதர் நடந்து வருவதைப் பார்த்தால் கீழே கட்டை இருக்கிறதோ என்று நமக்கே சந்தேகம் வரும்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். பார்த்த மூன்று இடமும் நழுவிப் போயிற்று, நாலாவதைப் பார்க்க அவருக்கு அலுப்பு. அவ்வளவுதான், அதில் பெரிய கதை எதுவும் இல்லை. குடும்பம் என்று அவர் வாய் நிறையச் சொல்லிக்கொள்ள இருந்தது அக்கா வீடு ஒன்றுதான்.

வருடத்துக்கு ஒருமுறை, மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு நிற்கும் நாட்களில், ஊருக்கே ஒரு வாரம் விடுமுறை வரும். அதற்குப் பத்து நாள் முன்னால் அக்காவின் போன் வரும்.

"வர்றியா இல்லையா?"

"வரேன்கா."

"சரி, வை."

இவ்வளவுதான் பேச்சு. நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. வந்த பிறகு ஆறு நாள் இருக்கிறதே, அப்போது விசாரித்தால் போதாதா என்பது அக்காவின் கணக்கு.

இந்த வருடம் அந்த போன் வரவில்லை. எப்படி வரும்? வசந்தத்தில் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். முதுகு வலி, முதுகு வலி என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது முதுகு வலி இல்லை என்று தெரிந்தபோது கையை மீறிப் போயிருந்தது.

வராது என்று தெரியும். தெரிந்தும், விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பாதை முழுவதும் நடந்தார். மறுநாளும் அப்படியே நடந்தார். இந்த மனிதரை என்ன சொல்வது!

அத்தானாவது கூப்பிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல். அத்தானும் இவரும் ஒருவரோடு ஒருவர் பேசி இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பித்தது சண்டையில்தான். அத்தான் டைலர். டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வாரே தவிர, அளவெடுக்க மாட்டார், எல்லாம் கண்ணளவு. தன் கல்யாணத்துக்கு மச்சானுக்கும் ஒரு சட்டை தைத்தார், அதுவும் கண்ணளவில்தான். கல்யாணத்தன்று அக்காவின் பெட்டியைத் தூக்க இவர் குனிந்தார். அவ்வளவு பேர் நடுவில், கழுத்திலிருந்து இடுப்பு வரை, முதுகுத் தையல் டர்ரென்று பிரிந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருக்கிறது.

"இவனெல்லாம் ஒரு டைலரா?" என்று கத்தினார் இருபத்தெட்டு வயது கீமேன்.

"தையல்ல தப்பில்ல, முதுகுலதான் தப்பு!" என்றார் மாப்பிள்ளை.

அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதல் இரண்டு வருடம் உண்மையான கோபம். மூன்றாவது வருடம் கோபம் எங்கே போயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? வீம்பு என்று மற்றவர்கள் சொல்வார்கள், நான் கழுதைத்தனம் என்பேன். பேச்சு எல்லாம் அக்கா வழியாகவே நடந்தது.

"உன் தம்பிகிட்ட சொல்லு, இந்தத் தூண்டில்ல ரீல் மாத்தணும்னு."

"போன வருஷமே சொன்னேன்ல, கேட்டாரான்னு அத்தான்கிட்ட கேளுக்கா."

இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா சமையலறையில் கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையத்தான் உருட்டணுமா?" என்று அங்கிருந்தே சத்தம் போடுவாள். ஆனால் ஒருநாளும் சொன்னதைச் சொல்லாமல் விட்டதில்லை. அவர்கள் காதில் ஏற்கெனவே விழுந்ததையே இன்னொரு முறை சொல்லுவாள், கொஞ்சம் மிளகாய் சேர்த்து.

மீன் பிடிக்கப் போகும்போது மட்டும் பேச்சே இல்லை. வீட்டிலிருந்து ஆற்றுக்கு ஒன்றரை மணி நேர நடை. அறுவடை முடிந்த வயல்கள், மரப்பலகைக் கதவுகள், ஈரச் சருகு மூடிய வண்டித் தடம், அப்புறம் ஒரு சின்னக் கல் பாலம். அக்கா பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நடுவில் நடந்து பாலம் வரை வருவாள். அதற்குள் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிக்கொள்ள வேண்டும். பாலத்தில் பிளாஸ்கைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பிவிடுவாள். அப்புறம் சாயங்காலம் வரை இரண்டு ஆண்களும் பத்தடி தள்ளி உட்கார்ந்து, தக்கையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை இல்லாமல் நாளைக் கழிப்பார்கள். உண்மையைச் சொன்னால், வருடத்தில் கீமேன் சந்தோஷமாக இருந்த நாட்கள் அந்த ஆறு நாட்கள்தான். டைலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், ஆனால் அதை யார் போய்க் கேட்பது?

விடுமுறைக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்கா மகள் போன் செய்தாள். நர்ஸ். பேச்சில் அம்மாவின் அவசரம் அப்படியே இருக்கும்.

"மாமா, எந்த பஸ்ல வர்றீங்க?"

"உங்கப்பா கூப்பிடச் சொன்னாரா?"

"அவர் எங்க மாமா வாயத் திறந்து சொல்லுவாரு."

கீமேன் யோசித்தார். அக்கா இல்லாத வீட்டுக்கு எந்த உறவில் போவது? அத்தான் என்ற முறை அக்காவால் வந்தது. அவளே போன பிறகு, கூப்பிடாத வீட்டில் போய் உட்கார்ந்தால், இவன் எதற்கு வந்தான் என்று அந்த மனிதர் நினைத்தால்? நினைத்தாலும் சொல்ல மாட்டார், அதுதான் இன்னும் கொடுமை. இந்த ஒரு கதவும் மூடிவிட்டால் வருடம் முழுவதும் தண்டவாளம்தான், நடுவில் இறங்க ஸ்டேஷனே இல்லை.

போவதற்கு ஒரு சாக்கு இருந்தது. மீனைக் கரையேற்றும் கைவலை. போன வருடம் கிளம்பும்போது அக்கா அதை அவர் கையில் திணித்தாள். "மீன் கடிச்சு ஓட்டையாயிடுச்சுடா. பின்னி அடுத்த வருஷம் கொண்டா." வீட்டில் ஊசியும் நூலுமாக ஒரு டைலர் உட்கார்ந்திருக்க, வலையை ஏன் ரயில்வேக்காரனிடம் கொடுக்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. பின்ன உட்கார்ந்தபோதுதான் பார்த்தார், ஓட்டை கிழிந்த மாதிரி இல்லை. நூல்முனைகள் பிசிறில்லாமல் இருந்தன. அதோடு, போன வருடம் அந்த வலைக்குள் ஒரு மீன்கூட வரவில்லை. எலியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

வலையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே! அந்தச் சாக்கில் பஸ் ஏறினார்.

டைலர்தான் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். கழுத்தில் டேப் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டைலர் திரும்பி உள்ளே பார்த்தார், வாயைத் திறந்தார், அப்புறம் மூடிக்கொண்டு வழிவிட்டார்.

கீமேன் வலையைப் பின்கதவு ஆணியில் மாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அது தையல் அறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறை. கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். கட்டிலில் சட்டை இல்லை.

வருடா வருடம் அந்தக் கட்டில் மேல் புதிதாக ஒரு வேலைச் சட்டை இருக்கும். "கடையில எடுத்தேன்டா" என்பாள் அக்கா. கடைச் சட்டையில் யாராவது பட்டன் காஜாவைக் கையால் தைப்பார்களா? முதுகு மடிப்பில் நாலு விரல் துணி கூடுதலாக விட்டு வைப்பார்களா? கல்யாணத்தில் பிரிந்த முதுகை அந்த டைலர் மறக்கவில்லை. இவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இவருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். யாரும் மூச்சு விட்டதில்லை. இந்த வருடம் அந்தக் கட்டிலில் துவைத்து மடித்த போர்வை மட்டும் இருந்தது. 'சரி, அவ்வளவுதான் போல' என்று நினைத்துக்கொண்டு பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

சாப்பாட்டு மேசையில் டைலர் மகளைப் பார்த்துச் சொன்னார். "மாமாகிட்ட கேளும்மா, வெந்நீர் வேணுமான்னு."

"பச்சத் தண்ணியே போதும்னு அப்பாகிட்ட சொல்லும்மா."

மகள் கரண்டியைத் தட்டில் டங்கென்று வைத்தாள். "நான் அம்மா இல்ல. எனக்கு அந்தத் தெம்பும் இல்ல. வார்டுல நாள் முழுக்க ஒருத்தர் சொன்னத ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு இங்க வந்தா, இங்கயும் அதே வேலையா? ஒரு மேசைதானே, ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? நீங்களே பேசிக்கங்க!"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். கீமேன் குளிர்ந்த தண்ணீரைக் குடித்தார், பல் கூசியது. டைலர் எழுந்து போய் வெந்நீர்க் கெட்டிலைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. விடிந்ததும் இருவரும் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நடுவில் ஆள் இல்லாததால் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். கீமேனுடைய குட்டை நடைக்கும் உட்கார்ந்தே பழகிய டைலருடைய தள்ளாட்ட நடைக்கும் ஒத்துப்போகவில்லை. முன்பெல்லாம் ஒத்துப்போனதே, எப்படி என்று கீமேன் யோசித்தார். நடுவில் அக்கா இருவருக்கும் ஏற்ற மாதிரி நடந்திருக்கிறாள். பாலத்தில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிளாஸ்க் இப்போது டைலர் கையில் இருந்தது.

முன்பு ஆற்றங்கரையில் பேச்சில்லாமல் இருந்தது அவ்வளவு சுகம். இப்போது அதே பேச்சின்மை தாங்கவில்லை. கரை முழுக்க மஞ்சள் இலை. ஆறும் இலையைச் சுமந்துகொண்டு மெதுவாகப் போனது. மூன்றாம் நாள் டைலர் பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி, இருவருக்கும் நடுவில் இருந்த கல்லில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கீமேன் அதை எடுத்துக் குடித்தார். நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்லி அனுப்புவது?

நாலாம் நாள் வெயில் கொஞ்சம் தலைகாட்டியது. பதினொரு மணி வாக்கில் டைலருடைய தக்கை ஒரு தடவை ஆடியது, அப்புறம் காணாமல் போயிற்று. டைலர் எழுந்தார். தூண்டில் வில்லாக வளைந்தது. கெண்டை! தண்ணீருக்கு மேலே ஒரு முறை முதுகைக் காட்டிவிட்டு உள்ளே போயிற்று. இத்தனை வருடத்தில் இந்த இரண்டு பேரும் பார்த்திராத சைஸ். டைலருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூல் கிறீச்சிட்டது. தலையைப் பின்பக்கம் பாலத்தை நோக்கித் திருப்பி, தொண்டை கிழியக் கத்தினார்.

"உன் தம்பிகிட்ட சொல்லுடி! வலைய எடுக்கச் சொல்லு! சீக்கிரம் சொல்லுடி!"

கீமேன் ஏற்கெனவே வலையோடு தண்ணீரில் முழங்கால் வரை இறங்கியிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். டைலரும் நின்றுவிட்டார். பாலத்தில் யாரும் இல்லை. நூல் தளர்ந்தது. தக்கை மேலே வந்து, ஒன்றும் நடக்காதது போல மிதந்தது.

டைலர் திரும்பவில்லை. தூண்டிலைப் பிடித்தபடியே நின்றார். முதுகு மட்டும் குலுங்கியது. கீமேன் வலையைத் தாழ்த்தினார். போய்த் தோளைத் தொடலாம். இருபத்தெட்டு வருடத்தில் தொட்டதில்லை, கை எழவில்லை. பூட்ஸுக்குள் பனியாய்த் தண்ணீர். அவரும் பாலத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அக்கா... அத்தான்கிட்ட சொல்லுக்கா. போனா போகட்டும்னு சொல்லு. அது ஒண்ணும் பெரிய மீன் இல்லன்னு சொல்லு."

டைலர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார்.

"பெரிய மீன் இல்லையாமா? ரெண்டே கால் அடி இருந்தது! மீனப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்னு கேளு."

"மீனப் பத்தித் தெரியாது. அத்தானோட கண்ணளவப் பத்தி நல்லாத் தெரியும்னு சொல்லுக்கா."

டைலருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. கீமேனும் தண்ணீருக்குள் நின்றபடியே சிரித்தார், அழுதார். அந்த நேரம் யாராவது பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

திரும்பும் வழியெல்லாம் பேச்சுத்தான். எல்லாம் அக்காவிடம்தான். பூட்ஸைக் கழற்றிக் காய வைக்கச் சொல்லு. நாளைக்குப் புழு வேண்டாம், ரொட்டி உருண்டை போட்டுப் பார்க்கச் சொல்லு. நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடத்தை விட்டு நடந்தார்கள், நடை ஒத்துப்போயிற்று. ஆனால் கீமேன் கேட்க நினைத்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் நான் வரலாமா? எதையும் அக்கா வழியாகக் கேட்டுவிடலாம். இதை எப்படிக் கேட்பது? வருடா வருடம் வா என்று கூப்பிட்டவளே அவள்தானே.

கடைசி நாள் மதியம் விடுமுறைச் சாப்பாடு. அக்கா இருந்தபோது அடுப்பில் ஒரு கோழி கட்டாயம் வேகும். "நீங்க பிடிக்கிற மீன நம்பினா எல்லாரும் பட்டினிதான்" என்பாள். இந்த வருடம் மகள் கோழி வைத்தாள், கூட வேகவைத்த கிழங்கு, காரட், ரொட்டி. மேசைக்கு வெள்ளைத் துணி போட்டிருந்தாள். கீமேன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"அக்கா, உன் மக உப்பு போட மறந்துட்டா."

"பிள்ளையக் குறை சொல்ல வேணாம்னு அவன்கிட்ட சொல்லு. காலையிலேர்ந்து நிக்கிறா" என்றார் டைலர், அதே கூரையைப் பார்த்து.

மகளின் கை பாதி வழியில் நின்றது. அப்பாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "உப்பு எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். வெகு நேரம் கழித்து வந்தாள், கண் சிவந்திருந்தது. உப்பைக் கொண்டுவரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மூன்று பேரும் உப்பில்லாத கோழியை எலும்பு மட்டும் மிச்சமாகும்படி சாப்பிட்டு முடித்தார்கள்.

நாலு மணி பஸ்ஸுக்குக் கீமேன் தெருமுனை நிறுத்தத்தில் தனியாக நின்றார். வழியனுப்ப வருவது அக்காவின் வேலை. பையைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியைப் பார்க்கக் கூடாது என்று பஸ் வரும் திசையையே பார்த்தார். பின்னால் சருகு மிதிபடும் சத்தம். அந்தத் தள்ளாட்ட நடை யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

டைலர் மூச்சு வாங்க நின்றார். ஒரு கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். இன்னொரு கையில் கைவலை. அவர் கூரையைப் பார்க்கவில்லை, அங்கே கூரையும் இல்லை. நேராக மச்சானின் முகத்தைப் பார்த்தார். உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது.

"கடையில எடுத்தேன்" என்றார்.

கீமேன் பிரித்தார். கெட்டியான பழுப்புத் துணி. காஜா எல்லாம் கைத்தையல். முதுகு மடிப்பில் விரலை வைத்துப் பார்த்தார். நாலு விரல். அந்தக் குளிரில் கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டையை அங்கேயே மாட்டிக்கொண்டார். பிறகு குனிந்து பையைத் தூக்கினார். வைத்தார். இன்னொரு தடவை நன்றாகக் குனிந்து தூக்கினார். தையல் அசையவில்லை.

"எந்தக் கடை?"

"இருக்கு ஒரு கடை."

"அந்தக் கடையில இருக்கறவர் நல்ல டைலர், அத்தான்."

இருபத்தெட்டு வருடம் கழித்துச் சொன்னார். டைலர் டேப்பின் நுனியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே நின்றார். பஸ் திருப்பத்தில் தெரிந்ததும், அவசர அவசரமாகக் கைவலையை மச்சானின் கையில் திணித்தார்.

"இதுல இன்னொரு ஓட்டை இருக்கு. பின்னி அடுத்த வருஷம் கொண்டா."

பதில் சொல்ல நேரமில்லை. பஸ் வந்தது, ஏறினார், கதவு மூடியது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது டைலர் கையை ஆட்டாமல் அங்கேயே நின்றார்.

கீமேன் வலையை மடியில் பரப்பி ஓட்டையைத் தேடினார். கிளிப்பைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கண்ணாக, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். மூன்று ஊர் தாண்டியாயிற்று. ஓட்டை எங்கும் இல்லை. அவர் போன வருடம் பின்னிய இடம்கூடக் கெட்டியாக இருந்தது.

புரிந்தது. கொஞ்ச நேரம் புதுச் சட்டையின் கைமடிப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் முதல்முதலாக நேரில் பேசியிருக்கிறார், அது பொய்யாகிவிடக் கூடாது என்று தோன்றியது. பைக்குள் கைவிட்டுப் பேனாக்கத்தியை எடுத்தார். வலையின் நடுவில் ஒரு நூலைப் பிடித்து, நறுக்கென்று வெட்டினார்.

வெட்டிய முனைகளை விரலில் எடுத்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிசிறில்லாத முனைகள். இதே மாதிரி முனைகளைத்தான் போன வருடமும் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, எலி என்று நினைத்தார். எலி இல்லை. முதுகு வலியோடு இருந்தவள், போன் செய்ய அடுத்த வருடம் தான் இருக்க மாட்டோமோ என்று பயந்து, தையல் அறைக் கத்தரியை எடுத்திருக்கிறாள். தம்பி வருவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே!

கண்ணீர் புதுச் சட்டையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. வலையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வரேன்கா" என்றார், வாய்விட்டு.